கேட்டுக்கு வெளியே நின்ற கார்

அன்னூர்

அன்பு மகள் புவனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி கிருபா குடும்பமும் சௌக்கியம், அதேபோல் டாக்காவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி இனியாவும் சுகமாக இருக்க அவிநாசியப்பன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே 'விடும்மா, விடும்மா' என்று என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நம் பட்டறை ரியாஸ் திங்கட்கிழமை அங்கே மில் வேலைக்கு வருகிறானே, அவன் பையில் பருப்புப்பொடியோடு இதையும் வைத்திருக்கிறேன். பொடி டப்பாவில் ஈரக் கரண்டி போடாதே.

விஷயம் என்னவென்றால், உன் பெரியப்பா போன வாரம் நம் வீட்டுக்கு வந்தார். கிருபா கல்யாணத்துக்குப் பிறகு நம் வாசற்படி மிதிக்காதவர், ஆர்.எஸ்.புரத்துக் கடைப் பையில் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி, கடைப் பெயர் தெரிகிற மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் மகன் பிரவினுக்குக் கல்யாணமாம், பெண் தாராபுரத்துப் பக்கம், பெண்ணின் அப்பாவுக்கு நூல் மில் இருக்கிறதாம். 'இணைச்சீருக்கு நம்ம புவனாவை உட்டா எனக்கு ஆருங்க அம்மணி இருக்கறா, அவ வந்து உக்கோந்தாத்தான் எம்பட சபைக்கே கௌரவமுங்க' என்கிறார். நம்ம புவனாவாம்! காபி டம்ளரை அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன். கூடப் பிறந்த பெண் இல்லாத மாப்பிள்ளைக்குப் பங்காளி வீட்டு அக்காள்தான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சீரைச் செய்ய வேண்டும், அது முறைதான், இல்லையென்று சொல்லவில்லை. உன் தம்பி கல்யாணத்தில் அந்த முறை எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கிறேன்.

கொரோனாவில் நீ அந்தக் கல்யாணத்துக்கு வந்து சேரப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அனுமதிக் கடிதம், டெஸ்ட், அந்த டெஸ்டுக்கு மேல் இன்னொரு டெஸ்ட், இன்றைக்கு ஒரு விதி நாளைக்கு ஒரு விதி. பெனாப்போல் எல்லையில் வரிசையில் நின்று, கல்கத்தா வந்து விமானம் பிடித்து, கோயமுத்தூர் லாட்ஜில் தனியாக அடைந்து கிடந்து, உடம்பில் ஒன்றுமில்லை என்ற சீட்டோடுதான் மண்டபத்துக்கு வந்தாய். வாசலில் இந்த மனிதர் குறுக்கே நின்று, 'அந்தத் தேசத்துல இருந்து வந்த புள்ளைய உள்ள உட்டீங்கன்னா நாங்க அத்தனை பேரும் எந்திரிச்சுப் போயிருவமுங்க' என்றார். சொன்னவர் யோக்கியதை என்ன? வாளையாறு செக்போஸ்டில் பாஸ் கேட்கிறார்கள் என்று தோப்புக்குள் மண் ரோட்டில் புகுந்து பாலக்காடு போய்த் தேங்காய் வியாபாரம் பண்ணிவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். அவர் மாஸ்க் தாடையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது. தம்பி முகூர்த்தம் கெடக்கூடாது என்று நீயே கேட்டுக்கு வெளியே காரில் போய் உட்கார்ந்துகொண்டாய். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் இணைச்சீருக்குப் பெண்ணை வரச் சொன்னபோது ஏதோ தூரத்துப் பங்காளி வீட்டுப் பெண் எழுந்து போனாள், நீ அதைப் போனில் வீடியோவில் பார்த்தாய். உனக்கு எடுத்த பட்டுச்சேலை இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. எனக்கு அது ஆறவே இல்லை கண்ணு.

அப்புறம் நீ செய்தது ஊருக்கே தெரியும். ஆள் எல்லை தாண்டக்கூடாது, சரக்கு லாரி தாண்டலாம் என்றார்கள். வெளிநாட்டு மெக்கானிக்குகள் வர முடியாமல் அங்கே மில்களில் மிஷின் நின்றபோது, கிருபா இங்கே பட்டறையில் உதிரிபாகம் செய்து ஏற்றிவிட, நீ அங்கே மில் மில்லாகப் போய் மாட்டிக்கொடுத்தாய். அதைக் கேட்டு, 'பொட்டப்புள்ள அங்க போயி ஸ்பேனர் புடிக்குதாமா' என்று டீக்கடையில் சிரித்தவரும் இதே பெரியப்பாதான். இப்போது உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணப் பத்திரிகையில் 'தொழிலதிபர், டாக்கா' என்று உன் பெயரை அவர் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார். சம்பந்தியின் நூலை உன் மூலமாக அங்கே விற்கலாம் என்று திட்டம், அதையும் ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொல்கிறார். சிலரைப் படைக்கும்போது கடவுள் வெட்கத்தை வைக்க மறந்துவிடுகிறார். அப்பா வழக்கம்போல் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கத்தான் எடுத்தேன். ஆனால் பிரவின் நினைப்பு வந்துவிட்டது. அன்றைக்கு எல்லாரும் பந்தியில் உட்கார்ந்துவிட, அப்பன் முறைப்பதைச் சட்டை செய்யாமல் இலைச் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக் காருக்குக் கொண்டுவந்து, 'சாப்புடுங்க்கா' என்று சொல்லி, நீ சாப்பிட்டு முடிக்கிறவரை வெயிலில் நின்றவன் அவன் ஒருத்தன்தான். அவன் கல்யாணத்தில் அவனுக்குப் பக்கத்தில் வேறு யாரோ உட்காரக்கூடாது. அதனால் உன் பெரியப்பாவிடம் இப்படிச் சொன்னேன். புவனா வருவாளுங்க மாமா, ஆனா காரு கேட்டுக்கு வெளியதான் நிக்குமுங்க, நீங்களே வந்து கதவைத் தொறந்து, சபையே பாக்க, உள்ள வா சாமின்னு கூப்புடோணுமுங்க என்றேன். 'அதுக்கென்னங்க அம்மணி, செஞ்சுபோடறேன்' என்று அடுத்த சுளையை வாயில் போட்டுக்கொண்டார். முகம் ஒரு கணம் சுண்டியிருந்தால்கூட அந்த மனிதரைக் கொஞ்சம் மதித்திருப்பேன்.

டிக்கெட்டைச் சீக்கிரம் போடு, பீரோவில் இருக்கிற சேலைக்கு ஜாக்கெட் தைக்க அளவு ரவிக்கையை, ரியாஸ் வேலை முடிந்து திரும்பும்போது அவனிடம் கொடுத்தனுப்பு. தொழிலும் குடும்பமும் தழைத்து நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, உனக்கு இளகின மனசு. பிரவினே ஓடிவந்து கூப்பிட்டாலும் இறங்கிவிடாதே. அன்றைக்குக் கிட்டத்தில் வரவே பயந்தாரே, அந்தக் கார்க் கதவில் அவர் கை படுகிறவரை உள்ளேயே இரு.

உன் அம்மா
ராசாத்தாள்