கதையில் வந்த கிழவி

2006 கார்த்திகை 14, செவ்வாய்

மகன் ரொஷான் நேற்றும் குடித்து நிறைவெறியில் வந்தான். இருபத்தொரு வயது. ஏசியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய சிரிப்புக் கதையை வாசித்துக் காட்டினேன். அந்தக் காலத்து இளசுகள் கெட்டுப்போகக் கூடாதென்று எழுதினது. பணக்கார வீட்டுப் பெடியன் தாசி வீட்டுக்குப் போய், கடைசியில் கோவணத்தோடு தெருவுக்கு வருகிறான். தாசியின் தாய்க்கிழவிதான் வாசலில் நின்று, "வா ராசா, இளைச்சுப் போனாய்" என்று அவனை உள்ளே கூப்பிடுகிறவள்.

ரொஷான் புரைக்கேறச் சிரித்தான். உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்பா, இந்தக் கிழவி நீங்கள்தானே?"

"என்னடா கதைக்கிறாய்?"

"எங்கட கடைக்கு பியர் எடுக்க வாற பெடியளை நீங்களும் இப்பிடித்தானே கூப்பிடுறியள்? 'வா ராசா, குளிரெல்லே, இன்னொண்டு எடன்' எண்டு."

மனிசி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டா. அவன் சிரித்தபடியே ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

மொன்ட்ரியால்-நோரில் பியர் விற்காத தெப்பனர் என்கிற மூலைக்கடை மூன்று மாதம் தாங்காது. இந்த வீடு, அவனுடைய படிப்பு, எல்லாம் அந்தக் கடைதான். அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அதுதான் நித்திரை வரவில்லை. அவனும் இன்னும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வழமையை விட இருபது பெட்டி பியர் கூடச் சொல்லியிருக்கிறேன். காலையில் போன் எடுத்துக் குறைக்கலாம். குறைக்க மாட்டேன்.