வாய் திறக்குமுன் புறப்பட்ட யானைப்படை

அருவி பொழியும் குன்றும் ஆறு பாயும் வயலும் உடைய பேரருவி நாட்டின் கோமகன், கொடையை மறவாதவர், கோபத்தை மறைக்காதவர், வெண்கொற்றப் பெருவேந்தர் திருவாய் மொழிந்தருளியபடி ஓலைநாயகம் சாத்தன் கணியாதன் எழுதியது. தாழைத்துறைக் கடல்நாட்டை ஆளும் அரசியார் நீலவேணி தேவியார் திருமுன் இவ்வோலை வணங்கி நிற்கிறது. அங்கே பருவம் தவறாது மழை பெய்க. வலை நிறைய மீன் சேர்க. கோட்டைக் கதவு, இப்போது வெளியே நிற்கும் யானைகளை முன்னிட்டு, இன்னும் சிறிது காலம் உறுதியாக நிற்க.

அந்த யானைகள் போருக்கு வந்தவையல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. பின் எதற்கு வந்தன என்று அரசியார் வினவினால், எம் அரண்மனைக் கணிப்பொறியின் கதையைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அக்கணிப்பொறி ஒரு மண்டபம். வேந்தரின் ஆணை ஒரு வாயிலில் நுழையும். உள்ளிருக்கும் எண்ணாளர்கள் அதைக் கூறுகூறாகப் பிரித்துச் செய்து முடித்து, மறுவாயிலில் வெளியே விடுவர். தலைமுறைக்குத் தலைமுறை அதன் வடிவமைப்பு மாறிவந்தது. முதலில் அறைகளைப் பெருக்கினர். பிறகு எண்ணாளர்களை நெருக்கி உட்காரவைத்தனர். புழுக்கத்தில் அவர்கள் மயங்கி விழவே, எண்ணுவோரைவிட விசிறி வீசுவோர் மிகுந்தனர். அப்போதும் அமைச்சர்களுக்கு வேகம் போதவில்லை. ஆணை வரும்வரை மண்டபம் சும்மா இருப்பானேன், வேந்தர் என்ன சொல்வார் என்று ஊகித்து முன்னதாகவே செய்துவிடலாமே என்றனர். அதுவே இன்றைய ஏழாம் தலைமுறை.

மண்டபத் தலைவர் அழிசியார், ஊகித்தது உள்ளேயே இருக்கட்டும், வேந்தர் சொன்ன பின்பே வெளியே போகட்டும், அதற்கொரு காத்திருப்பு அறை கட்டித் தாருங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். சும்மா காத்திருக்க ஓர் அறையா என்று அமைச்சர்கள் சிரித்தனர்.  அழிசியார் தம் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

தொடக்கத்தில் எல்லாம் நன்றாகவே நடந்தது. வேந்தருக்குத் தாகம் எடுக்குமுன் மோர் வந்தது. அவர் உலாப் போக நினைக்குமுன் பல்லக்கு அவரில்லாமலே உலா போய்வந்தது. பிறகொரு நாள் அவையில் வேந்தர், இவ்வாண்டு தாழைத்துறையார் என்று தொடங்கி இருமினார். அவருடைய பழைய கோபங்களை வைத்து மண்டபம் போர் என்று ஊகித்தது. இருமல் அடங்குமுன் யானைப்படை தெற்கு வாயிலைத் தாண்டிவிட்டது. தாழைத்துறையார் இவ்வாண்டு கருவாடு அனுப்பவில்லையே என்பதுதான் வேந்தர் சொல்ல வந்தது. படையைத் திருப்பியழைக்க அவர் எழுந்தார். எழுந்த வேகத்தைக் கண்டு மண்டபம் துணைக்குக் குதிரைப்படையையும் அனுப்பிவிட்டது. ஆதலால் வேந்தர் இப்போது அசையாமல் அமர்ந்திருக்கிறார்.

அமைச்சர்கள் பழியை அழிசியார் தலையில் போட்டனர். வேந்தர் தீர்ப்புச் சொல்லுமுன்னே மண்டபம் மரண தண்டனை என்று ஊகித்து, அழிசியார் இருக்கைக்கு அவருடைய மைத்துனரையும், அவர் மனைவியாருக்கு இரங்கல் செய்தியையும் அனுப்பியது. அம்மையார் வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே கணவருக்குச் சோறு பரிமாறினார். அவர் அதை அளைந்துகொண்டிருந்தாரே தவிர உண்ணவில்லை. ஊகம் வீணாகக் கூடாது, தலையை உள்ளபடியே வாங்கிவிடலாம் என்று அமைச்சர்கள் விண்ணப்பித்தனர். தாமே சென்று யானைகளைத் திருப்பிக்கொண்டு வருவதாக அழிசியார் வேண்டினார், வேந்தர் இசைந்தார். உடனே மண்டபம், அவர் எல்லை தாண்டி ஓடிவிடுவார் என்று ஊகித்து, ஓடிப்போன துரோகி என முரசறைந்துவிட்டது. முரசு ஒலிக்கும் இந்நேரம் அவர் இவ்வோலையைக் கொண்டுபோக எதிரே நின்று செருப்பு வாரை இறுக்கிக்கொண்டிருக்கிறார். ஓடினால் பிழைக்கலாம் என்பது அவருக்கும் தெரியும். ஒருமுறை இரங்கல் கேட்ட மனைவியை மறுமுறை கேட்கவைக்க மனமில்லை என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு எழுதுபவனுக்கே கண் கலங்கியது.

ஆகவே, இவ்வோலை அரசியார் கைக்கு வந்திருக்குமெனில் அழிசியார் ஓடவில்லை; மண்டபம் பொய்த்தது. யானைப்படைத் தலைவர் இது கண்டதும் குதிரைகளையும் கூட்டிக்கொண்டு திரும்புக என்பது ஆணை. ஓலை கிடைத்தது என்று அரசியார் ஒரு வரி எழுதி அழிசியாரிடமே கொடுத்தருள்க என்பது வேண்டுகோள். அவர் அதனோடு வந்துசேரும் நாளில் அவர் தலை அவருக்கே உரியது. எட்டாம் தலைமுறை மண்டபத்திற்கும், காத்திருப்பு அறையிலிருந்து தொடங்கி, கால்கோள் நடக்கும். கருவாட்டையும் மறவாதிருக்க.

எம் அருவி உம் கடலைச் சேருமட்டும் இந்நட்பு நிலைக்க. வேந்தர் அசையாமல், திருவாய் மட்டும் திறந்து, ஆம் என்று சொன்ன பின்பே இம்முத்திரை வைக்கப்பட்டது. அதுவரை அழிசியார் காத்திருந்தார்.