சாரலுக்கு என்று சொல்லிக் கூட்டிப்போனது

ஆனி 20, திங்கள்

காலையிலிருந்து மேற்கே மலை தெரியவில்லை. ஒரே மூட்டம். வடகம் காயாது, எடுத்து உள்ளே வைத்தாச்சு.

அவுக மத்தியானமே தாலுகா கச்சேரியிலிருந்து வந்துட்டாக. தாசில்தார் லீவு கொடுத்துட்டாராம். "கோமு, குத்தாலத்துல நல்ல சாரல். நாலஞ்சு நாள் இருந்துட்டு வருவமா?" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவுக வாயில் இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. ஆலங்குளத்திலிருந்து மதினியும் வாறாகளாம். அவுகளுக்கு மூத்த அக்கா. வரட்டும், சமையலுக்கு ஒரு கை.

கூட்டத்தை நினைத்தால்தான் பயம். சொன்னேன். "ஆள் இல்லாத நேரம் பாத்துப் போவோம். நான் இருக்கேன்லா?" என்றாக.

அது போதும்.

ஆனி 21, செவ்வாய்

மூட்டை கட்டுகிற வேலை. புளி, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய், குளிக்கப் பழஞ்சேலை இரண்டு, கம்பளி, சுக்கு.

சுக்கு அவுக வயிற்றுக்கு. ஜமாபந்தின்னு வருஷக் கணக்குப் பரிசோதனை வருதுன்னா அவுகளுக்கு வயிறு கெட்டுப் போகும். சாப்பிட்டது தங்காது. கொல்லைக்கும் வாசலுக்குமா ஒரே நடை. பக்கத்து வீட்டு பகவதி அக்காவுக்குப் பூட்டு. பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாக. எனக்குக் கூட்டம். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொன்று.

எனக்கு முதலில் வந்தது தேரோட்டத்தன்று. நெரிசலில் நெஞ்சு உலக்கை போட்ட மாதிரி இடித்தது. விரல் மரத்து, காது அடைத்து, இதோ செத்தேன் என்று இருந்தது. சாகவில்லை. அப்புறம் சந்தையில், கல்யாண வீட்டில், ஒரு நாள் யாருமே இல்லாத அடுக்களையில்கூட.

இப்போது கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. ஓடக்கூடாது. ஓடினால் அடுத்த தடவை கூடுதலா வருது. நின்ற இடத்தில் காலை நன்றாக ஊன்றணும். கையை விரித்து மூடி விரித்து மூடி. சூடான காப்பியை ஊதுகிற மாதிரி மூச்சை மெல்ல விடணும். கண்ணில் படுவதையெல்லாம் வாய்க்குள் பேர் சொல்லணும். தூண், செம்பு, அண்டா, பல்லி. அது வரும், உச்சிக்கு ஏறும், இறங்கிப் போகும்.

இதை நானே கண்டுபிடித்தேன். அவுக ஒருத்தரிடம்தான் சொன்னேன். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள" என்று சொன்னாக.

ஆனி 22, புதன்

குற்றாலம். சன்னதித் தெருவுக்குப் பின்னால் வீடு. ஓடு ஒழுகுது, ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் அருவிச் சத்தம். குரங்கு ஒன்று தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மதினி அதை வைத வசவு!

சாயங்காலம் சிற்றருவியில் குளித்தோம். ஆளே இல்லை. தண்ணீர் தோளில் விழ விழ என்னமோ எல்லாம் கழன்ற மாதிரி. திரும்பும்போது அவுக பலாச்சுளை வாங்கித் தந்தாக. சிரித்துப் பேசி நடந்தோம்.

சந்தோஷமா இருக்கிறேன். எழுதி வைக்கிறேன்.

ஆனி 23, வியாழன்

எழுத்து கோணுது.

காலையில் மதினி பேரருவிக்குக் கூப்பிட்டாக. பெண்கள் பக்கம் நெருக்கித் தள்ளுது. "பெறகு வருவோம் மதினி" என்றேன். எண்ணெய் தேய்த்துவிடுகிற பொம்பளை ஒருத்தி தயாராக நின்றாள். அவள் ஒரு கை, மதினி ஒரு கை. இழுத்துக்கொண்டு போய் நடு அருவியில், வேகமா விழுகிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள்.

"தலைய குனியாத ஏட்டி. உச்சியில விழட்டும். எல்லாம் எறங்கும்."

மூச்சு விட முடியவில்லை. கையை விரிக்கலாம் என்றால் இரண்டு கையும் அவர்கள் பிடியில். கத்தினேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

வெளியே கொண்டுவந்து உட்கார்த்தினார்கள். எண்ணெய்க்காரி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மதினியிடம் கேட்டாள். "இந்தப் பிள்ளைக்கா கோட்டி? பாத்தா தெரியலயே."

"பாத்தா தெரியாது. தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டான். கைய விரிச்சு விரிச்சு மூடுதாளாம். தூணு, அண்டான்னு தன்னால மொணங்குதாளாம். அருவி உச்சியில விழுந்தா கோட்டி தெளியும்லா, அதான் கூட்டியாந்தோம்."

நான் பிழைத்துக் கிடக்கிற வழியெல்லாம் கோட்டியாம், பைத்தியமாம்.

ஆண்கள் பக்கம் பார்த்தேன். அவுக தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாக. நான் பார்த்ததும் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாக.

ஆனி 24, வெள்ளி

மழை.

மதினி கோயிலுக்குப் போன நேரம் கேட்டேன். "சாரலுக்குன்னு சொன்னீகளே."

"நேரா சொன்னா வருவியா?"

"நமக்குள்ளன்னு சொன்னீகளே."

அவுக ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டாக. "அக்கா நல்லதுக்குத்தான் செய்யுதா. கொஞ்ச நாள் ஆலங்குளத்துல அவ வீட்டுல இரு. சரியானதும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

வண்டிகூடப் பேசியாச்சாம், நாளைக்கு. எனக்குத்தான் சொல்லவில்லை.

சாயங்காலம் கச்சேரி ஆள் ஒருவர் குளிக்க வந்த இடத்தில் அவுகளைப் பார்த்து, ஜமாபந்தி அடுத்த வாரமே என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அவுக சோற்றைத் தொடவில்லை. மூன்று தடவை கொல்லைக்குப் போனாக. மதினி என்னிடம், "தம்பிக்கு என்னட்டி? மொகமே வெளுத்துக் கெடக்கு."

ஜமாபந்தி பயம் என்று சொல்லியிருக்கலாம். அருவி பக்கத்தில்தான் இருக்கிறது, அவுகளையும் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

"பலாப்பழம் ஒத்துக்கல போல மதினி" என்றேன். சுக்குத் தண்ணி வைத்தேன். அவுக வாங்கிக் குடித்தாக. என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனி 25, சனி

தென்காசி. என் வீடு.

வண்டி வந்து நின்றதும் மதினி, "ஏறு" என்றாக. "ஆலங்குளத்துக்கு வரல. என் வீட்டுக்குப் போறேன்" என்றேன். சத்தம் போடவில்லை. மதினி, "பாத்தியாடா தம்பி, கோட்டி கூடிட்டு" என்றாக. அவுக வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாக.

துணி மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. இலஞ்சி தாண்டுமுன் வந்துவிட்டது, நெஞ்சிடி. இறங்கவில்லை. மடியில் கையை வைத்து எல்லாரும் பார்க்க விரித்து மூடினேன். கூடை, குடை, டிரைவர் தலைப்பாகை, கிழிந்த சீட்டு. பக்கத்தில் இருந்தவள், "கை வலிக்கா தாயி?" என்றாள். "ஆமா." தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

கோபுரம் தெரியும்போது இறங்கியிருந்தது.

ஆனி 27, திங்கள்

வெயில். வடகத்தை மறுபடி வெளியே போட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் அவுக வந்தாக. தனியாக. மதினி ஆலங்குளம் போயாச்சு. "கோவமா?" என்று கேட்டாக. "சாப்பிட வாங்க" என்றேன். இரண்டு தோசைதான் சாப்பிட்டாக.

இன்று காலை அவுக வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு வந்தது. அடுக்களையில், ஒரு காரணமும் இல்லாமல். முன்னே என்றால் கூப்பிட்டிருப்பேன். அவுக வந்து பக்கத்தில் நிற்பாக. இன்று கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். கால் ஊன்றி. கல், கயிறு, வாழை, வாளி.

"கோமு, அங்கன என்ன செய்யுத?"

"தண்ணி எறைக்கேன்."