ஒரு தட்டும் இரண்டு முள்கரண்டியும்

போடிநாயக்கனூர்
ஜூலை 14, திங்கட்கிழமை

அன்புள்ள எப்சிபாவுக்கு ஜாஸ்பர் எழுதிக்கொள்வது.

ஆண்டவர் கிருபையில் நானும் கடையும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீ நலமாக இருப்பதை அத்தை வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். பதினாறு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்சப்பில் நான் அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் மட்டும் விழுகிறது. படிக்கவாவது செய்கிறாயே என்று அந்த மட்டுக்கும் ஆறுதல்.

நம் சபைப் பெண் மகிமா, உன் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவள், லீவு முடிந்து புதன்கிழமை சிகாகோவுக்குத் திரும்புகிறாள். அத்தை மகளுக்கென்று அவளிடம் இட்லிப்பொடியும் ஏலக்காயும் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பையோடு இதுவும் வரும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். காகிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எனக்காகப் போட்டு வைத்த விண்ணப்பத்துக்கு ஆகஸ்ட் இருபதாம் தேதி சென்னையில் விசா நேர்காணல். நீ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய காகிதம் இன்னும் வரவில்லை. அது இல்லாமல் நான் அங்கே போய் நின்று பயனில்லை. அனுப்புவாயா, மாட்டாயா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆனால் கேட்பதற்கு முன்னால் நான் செய்த காரியத்தை நானே சொல்லிவிடுகிறேன். அத்தை உன்னிடம் சொன்னது உண்மைதான். ஆனால் அவர்கள் கூட்டத்தின் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். மீதி அவர்களுக்குத் தெரியாது.

எனக்குப் பொறாமை, எப்சிபா. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியவில்லை. ஜனவரியில் நீ முதல் போட்டோ அனுப்பிய நாளிலிருந்தே பொறாமை. நைட் டியூட்டி முடிந்து உன் வார்டு ஆட்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற கடைக்குப் போனீர்கள். ஊத்தப்பம் மாதிரி மூன்றை அடுக்கி, மேலே வெண்ணெய் வைத்து, பாகு ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். சிவப்பு ரெக்சின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். காபி தீரத் தீர ஊற்றுகிறார்கள், அதற்குத் தனியாகக் காசில்லை என்று எழுதியிருந்தாய். பரிமாறுகிற அம்மாள் நாலு தடவை வந்து எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்து எனக்குச் சுருக்கென்றது. நம் மெஸ்ஸில் நாலு தடவை கேட்டால், சாம்பாரில் ஏதோ விழுந்துவிட்டது, அதனால்தான் இவன் கேட்கிறான் என்று ஆள் எழுந்து போய்விடுவான்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு போட்டோ. உருளைக்கிழங்கு வறுவல் ஒரு மலை, வெங்காயத்தை வளையமாகப் பொரித்தது, கோழி இறக்கையில் சிவப்பாக ஏதோ பூசியது. நானும் சாப்பாட்டுக் கடைக்காரன்தானே. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, எண்ணெய் பழையது, இதில் உப்பு ஏறியிருக்காது என்று குறை கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்து முடித்ததும் உன் முகத்தைப் பார்ப்பேன். அதில் ஒரு குறையும் இருக்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி வந்த போட்டோவில் உன் முகம் இல்லை. ஒரு பெரிய தட்டு. அதில் பர்கரை இரண்டாக வெட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் இரண்டு முள்கரண்டி. எதிர்ப்பக்கம் முடி அடர்ந்த ஒரு ஆண் கை, அதில் தடித்த வாட்ச். ‘இன்று மற்றவர்கள் வரவில்லை, மார்க்கஸும் நானும் மட்டும்’ என்று கீழே எழுதியிருந்தாய். நீ மறைக்கவில்லை. மறைக்கிறவள் போட்டோ அனுப்ப மாட்டாள் என்கிற புத்தி எனக்கு அன்றைக்கு வரவில்லை.

தண்ணீர்ச் செம்பைக்கூட வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிற ஊரில் பிறந்தவள் நீ. நமக்குக் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை. கல்யாணத்தன்று கேக் ஊட்டியதோடு சரி, அதுவும் போட்டோகிராபர் மூன்று தடவை ஊட்டச் சொன்னதால். அப்படிப்பட்டவள் யாரோ ஒருவனோடு பாதிப் பாதி தின்கிறாளே என்று எனக்குக் காது அடைத்துப்போனது. அன்று ராத்திரி போனில், அந்தக் கடையில் இரண்டாவது தட்டுக்குப் பஞ்சமா என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஒன்றை ஒரு ஆள் தின்ன முடியாது, இங்கே எல்லாரும் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவார்கள், நீங்களே வந்து பாருங்கள் என்றாய். நீ சம்பாதிக்க நான் வந்து உட்கார்ந்து தின்ன வேண்டுமா என்று கேட்டேன். மூன்று தடவை நீ கூப்பிட்டபோதும் கடையைச் சாக்குச் சொன்னேனே, அதற்கு அடியில் இருந்தது இந்த வார்த்தைதான்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். வாசலில் இருக்கிற ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டு போட்டேன். ‘வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு சகோதரி அந்நிய ஆணோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறார். அவர் சோதனைக்குள் போய்விடாதபடி சபையார் ஜெபிக்கவும்.’ உன் பேரை எழுதவில்லை. என் பேரையும் எழுதவில்லை. ஆண்டவர் சத்தியமாக, யாருக்கும் தெரியாது என்று நினைத்துத்தான் போட்டேன். ஆனால் அது சட்டைப் பையில் கிடந்த நம் கடை ஆர்டர் சீட்டு. எழுதும்போது அச்சடித்த பக்கம் பின்னால் இருந்தது.

சபையில் விண்ணப்பச் சீட்டுகளை வாசிக்கிற உபதேசியாரைத்தான் உனக்குத் தெரியுமே. ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார். சீட்டின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே ராகத்தில், “ஜாஸ்பர் மெஸ், ஏலக்காய் ஏல மையம் எதிரில், போடி. வெளிநாட்டில் வேலை செய்யும் ஒரு சகோதரி” என்று தொடங்கினார். என்ன வாசிக்கிறோம் என்று அவருக்குப் புரிவதற்குள் முடித்துவிட்டார். மூன்றாவது பெஞ்சில் இருந்த அத்தை பைபிளை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். வாசித்த விண்ணப்பத்துக்கு ஜெபிக்காமல் விடக்கூடாது என்று உபதேசியார் கண்ணை மூடி ஜெபித்தார். சபையார் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். பழக்க தோஷத்தில் வாய் சொல்லிவிட்டது.

மறுநாளிலிருந்து நீ போன் எடுக்கவில்லை.

ஊரைப் பற்றிக் கேட்க வேண்டாம். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற செல்லப்பாண்டி நம் சபைகூட இல்லை. அவனுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. மத்தியானம் இன்னொரு டிரைவரோடு வந்து உட்கார்ந்துகொண்டு, “மாப்ள, எங்க ரெண்டு பேத்துக்கும் ஒரே எலயாப் போட்டுரு” என்றான். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உள்ளே போய் அடுப்புப் பக்கம் நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தால் பரவாயில்லை. சிரிப்பு உன்னைத் தொட்டுக்கொண்டு போகிறது, அதற்கு வழி போட்டுக் கொடுத்தவன் நான்.

போன செவ்வாய்க்கிழமை மதுரைக்கு மளிகை எடுக்கப் போனேன். பைபாஸ் ரோட்டில் அமெரிக்கன் டைனர் என்று புதிதாக ஒரு கடை. அதே சிவப்பு சீட். நீ தின்றது என்னதான் என்று பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன். போட்டோவைக் காட்டி இதே மாதிரி கொண்டுவா என்றேன். சைக்கிள் சீட் அளவுக்கு ஒன்று வந்தது. எப்படிக் கடிப்பது என்று தெரியாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்றேன். பாதிக்கு மேல் போகவில்லை. முடித்துவிட்டு, அடியில் விரித்திருந்த காகிதத்தை இலை மாதிரி என் பக்கமாக மடித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள். நல்லவேளை, அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இல்லை.

பரிமாறின பெண் வந்து, “சார், எல்லாம் நல்லாருக்கா?” என்று கேட்டாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். பதினோரு வருஷமாகக் கடை நடத்துகிறேன், என்னை உட்கார வைத்து ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. பிறகு யோசித்தேன், நான் உன்னை எப்போது கேட்டேன்? இங்கே இருந்தபோது நீயும் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து, நம் கடையில் கடைசிப் பந்தி முடிகிற வரைக்கும் ரசம் ஊற்றுவாய். நாலு மணிக்குச் சட்டியின் அடியில் இருப்பதை நின்றுகொண்டே வழித்துச் சாப்பிடுவாய். நம் கடை பெஞ்சில் நீ ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நீ உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே அந்தப் போட்டோக்களில்தான்.

மீதிப் பாதி தட்டில் கிடந்தது. எதிரே யாராவது இருந்திருந்தால் அவர் பக்கம் தள்ளியிருப்பேன். செல்லப்பாண்டியாக இருந்தாலும் தள்ளியிருப்பேன்.

அதனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. இன்னும் இருக்கிறது. அந்த மார்க்கஸ் நல்ல மனுஷன், பெண் பிள்ளைகளைப் பெற்றவன் என்று மகிமா சொன்னாள். நல்ல மனுஷன் என்றதும் பொறாமை இன்னும் கொஞ்சம் கூடியது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு நீ வந்து உட்கார்ந்து பெருமூச்சு விடுவதை அவன் பார்க்கிறான். முதல் வாய் போன பிறகு உன் தோள் இறங்குமே, அதையும் பார்க்கிறான். அவன் ஒன்றும் திருடவில்லை. நான் வராமல் விட்டதைத்தான் பார்க்கிறான். அது எனக்குத் தெரிகிறது, ஆனாலும் எரிகிறது.

போன வெள்ளிக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். நான் போட்ட சீட்டு பொய், என் மனைவி மேல் ஒரு பழுதும் இல்லை, ஜெபம் தேவைப்பட்டது எனக்குத்தான் என்று சபை முன்னால் சொன்னேன். அத்தை அன்றைக்கு வரவில்லை. நான் சீட்டு போட்ட நாளிலிருந்தே கோயிலுக்கு வருவதில்லை என்று சபையார் சொன்னார்கள். அதைக் கேட்டது சபை முன்னால் நின்றதைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை அத்தை வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எம்மக அங்கன ஒத்தையில கெடந்து வேல பாக்கா. அவ பசிக்கு யாரு கூட ஒக்காந்து தின்னா ஒங்களுக்கு என்ன மாப்ள? மூணு தடவ வாங்க வாங்கன்னு கூப்புட்டாள்ல. அது நீக போய் ஒக்காந்திருக்க வேண்டிய எடம்” என்றார்கள்.

நீ காகிதம் அனுப்பினால் வருகிறேன். கடையைச் சின்னக்கருப்பு பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். பரோட்டா மாஸ்டராக இருந்தவன் இப்போதே கல்லாப் பக்கம் நின்று பழகுகிறான். அங்கே எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்று தெரியாது. தட்டுக் கழுவுகிற வேலையென்றாலும் செய்வேன், அதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை என்று இப்போது சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் உனக்கு இவ்வளவு அவமானம் வந்திருக்காது. அனுப்ப மனமில்லை என்றால் அதையும் அத்தையிடம் சொல்லிவிடு. நான் மறுபடியும் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

இந்தக் கவரை ஒட்டவில்லை. அத்தை படித்துப் பார்த்த பிறகுதான் மகிமா கையில் போகும். நானே அப்படிச் செய்யச் சொன்னேன். ஊர் முன்னால் உன்னை இழுத்துவிட்டு, மன்னிப்பை மட்டும் ஒட்டிய கவரில் வைப்பது முறையில்லை. அதனால் மாமியார் கண்ணில் படக்கூடாத வார்த்தை எதுவும் இதில் இல்லை. நான் எழுதாமல் விட்டதும் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வேலை முடிந்ததும் வெறும் வயிற்றோடு ரூமுக்குப் போகாதே. எதிரே யார் உட்கார்ந்திருந்தாலும் சரி, நீ உட்கார்ந்து, சூடாக, நிதானமாக, வயிறாரச் சாப்பிடு. ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. எனக்கும் அங்கே ஒரு இடம் விட்டு வைக்கச் சொல்லி அவரிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை சீட்டு எழுதிப் போடவில்லை.

இப்படிக்கு,
ஜாஸ்பர்