ஆறாவது பிள்ளை

மாசி 10, செவ்வாய்

காலையிலிருந்தே மழை. பிள்ளைகளை வெளியே கொண்டுபோகவில்லை. ஐந்து சோடி ஈரச் சப்பாத்து ஹீட்டருக்குப் பக்கத்தில். வாங்க வேண்டியது: வாழைப்பழம், துடைக்கும் கடதாசி, லேனாவுக்கு இனிப்பில்லாத பிஸ்கட்.

பத்து மணிக்கு வாசலில் மேல்மாடி வசந்தி, இடுப்பில் மகன்.

"அக்கா, ஒரு மணித்தியாலம் இவனைப் பாருங்கோ. எனக்கு டொக்டரிட்ட டெர்மின், இண்டைக்கு விட்டால் வேற நேரம் தராயினம். கொண்டுபோக ஏலாது."

என் வீட்டில் ஒரே நேரத்தில் ஐந்து பிள்ளைகளுக்குத்தான் அனுமதி. அந்த ஐவருக்குத்தான் நகரசபை பணம் தருகிறது. பதினொரு வருடமாகப் பிறர் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இந்த வேலை, தெரியாததில்லை. ஆனால் அக்கா என்று வந்து நிற்பவளிடம் சட்டமா பேசுவது? வாங்கிவிட்டேன்.

பத்தரைக்கு மணி அடித்தது. யூகண்ட்அம்ட், அதுதான் எங்களுக்கு அனுமதி தருகிற சிறுவர் நல அலுவலகம். வந்தது அங்கத்தைய அதிகாரி ஃபிராவ் கே. சொல்லாமல் வருகிற சோதனை. வருகிறவர் இன்றைக்கா வர வேண்டும்!

பார்த்தது: ஜன்னல் பூட்டு, மருந்துப் பெட்டி, நித்திரை அறை. கடைசியாகப் பிள்ளைகளை எண்ணினார். ஆறு.

"இவர் யார்?"

"என் தங்கையின் மகன்." பழக்கத்தில் வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் எல்லாரும் எல்லாருக்கும் அக்கா தங்கச்சிதானே.

"கூடப்பிறந்த தங்கையா?"

"யா."

இது பழக்கத்தில் வந்ததில்லை. உறவுக்காரப் பிள்ளை அந்த ஐந்தில் சேராது என்று தெரிந்து, பயத்தில் சொன்னது. நான் தனிப்பிள்ளை. எனக்கு ஏது தங்கை?

எழுதிக்கொண்டு போனார். லேனா என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு வயது. வந்த புதிதில் மூன்று கிழமை விடாமல் அழுதவள். இப்போது என் நெஞ்சில் சாய்ந்தால்தான் மத்தியான நித்திரை.

மாசி 19, வியாழன்

அலுவலகத்திலிருந்து கடிதம். தங்கையின் பெயர், பிறந்த திகதி, உறவுக்கு அத்தாட்சி. எல்லாம் அனுப்ப வேண்டுமாம்.

வசந்தி இறங்கி வந்தாள். "நான் உங்கட தங்கச்சி எண்டு வந்து சொல்லுறன் அக்கா. ஆர் பாக்கப் போயினம்?" சொல்லிவிட்டு அழுதாள்.

"வேண்டாம் பிள்ளை. சொன்ன பொய்யே காணும், இன்னொண்டு எதுக்கு?"

அவள்மேல் கோபம் இல்லை என்று எழுத முடியாது. இருக்கிறது. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், சீனி போடாமல்.

மாசி 24, செவ்வாய்

அலுவலகம், ஒன்பது மணி. உள்ளதைச் சொன்னேன். ஃபிராவ் கே. பொல்லாதவர் இல்லை. தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுத்தான் பேசினார்.

"ஆறாவது பிள்ளைக்கு ஓர் எச்சரிக்கையோடு விட்டிருப்போம். ஆனால் கேட்டதற்கு நீங்கள் பொய் சொன்னீர்கள். உங்களிடம் இருப்பது இன்னும் பேச்சு வராத பிள்ளைகள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல உங்களைத் தவிர யாரும் இல்லை."

அவர் சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை.

அனுமதி பங்குனி 13 வரைதான். பிள்ளைகளுக்கு வேறு இடம் அவர்களே பார்ப்பார்களாம்.

பாண் வாங்க மறந்துவிட்டேன்.

பங்குனி 13, வெள்ளி

கடைசி நாள். கொடுத்தனுப்பியது: மாற்று உடுப்புப் பைகள் 5, படக் கோப்புகள் 5, லேனாவின் முயல் பொம்மை.

லேனாவின் தாய் அலுவலகத்துக்கு இரண்டு தரம் எழுதிப் பார்த்தாராம். "ஒன்றும் நடக்கவில்லை" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். என்னை ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

லேனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பிஸ் மோர்கன்!" நாளைக்குப் பார்ப்போம் என்று, எல்லா நாளையும்போலக் கையசைத்துவிட்டுப் போனாள்.

குட்டிக் கட்டில்களை மடித்தேன். மூன்றாவதுக்கு மேல் முடியவில்லை. நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதேன். பொய் சொன்னது நான், தண்டனை அவளுக்கும்.

பங்குனி 25, புதன்

முதல் வெயில். பால் வாங்கப் போனேன். கடை மூலையில் ஓர் இளம்பெண், பிள்ளைகளை இருத்தித் தள்ளும் பெரிய வண்டியோடு. நாலு பேர். முன்னால் லேனா. புது இடம் இந்தப் பக்கம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

கண்டுவிட்டாள். "அக்கா!" வீட்டுக்கு வருகிற எங்கள் ஆட்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவளுக்கும் நான் அக்காதான். இரண்டு கையையும் நீட்டினாள்.

புதிதாகப் பிள்ளையை விட வருகிற தாய்மாருக்கு முதல் நாளே சொல்வேன்: ஒளித்துப் போகாதீர்கள். முகத்தைக் காட்டி, சொல்லிவிட்டுப் போங்கள். அழுதால் அழட்டும்.

நான் கடைக்குள் ஓடி மாப் பைகள் அடுக்கிய தட்டுக்குப் பின்னால் நின்றேன். கிட்டப் போனால் தூக்குவேன். தூக்கினால் திருப்பிக் கொடுக்க மாட்டேன். வெளியே அவள் அழுகிற சத்தம். ஒரு கிழவர் மா எடுக்க வந்து, என்னைப் பார்த்துவிட்டு எடுக்காமலே போனார்.

பிறகு சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண் தூக்கியிருப்பாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.