தானாக ஓடிய கார்

ஜூலை 6, ஞாயிறு
காலையிலிருந்தே புழுக்கம். பாப்பாவுக்கு நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது. வாந்தி இல்லை. இருந்தாலும் தூக்கத்தில் இரண்டு தடவை எழுப்பிப் பார்த்துவிட்டேன். திட்டுகிறாள்.

நேற்று சாயங்காலம், ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி, சைக்கிளில் மாவு பாக்கெட் போடும் செல்வம் அண்ணா மேல் எங்கள் கார் மோதியது. அவருக்குக் கால் முறிவு. பாப்பா நெற்றி முன்சீட்டில் இடித்தது. ரோடெல்லாம் இட்லி மாவு.

புது கார். தானே கோடு பார்த்து ஓடுமாம், ஆள் குறுக்கே வந்தால் தானே நிற்குமாம். செந்தில் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, பின்சீட்டுப் பக்கம் திரும்பி, "பாப்பா, அப்பா மேஜிக் பாரு!"

நிற்கவில்லை.

ஜூலை 7, திங்கள்
பால். டயப்பர். டாக்டரிடம் பாப்பா.

செந்திலின் அக்கா வந்து கார் முன்னால் பூசணிக்காய் உடைத்தார். "எல்லாம் கண்ணு திருஷ்டிடி. புது வண்டி பாரு." ஓகோ. குற்றவாளி ஊர்க்கண்.

ஷோரூமுக்கு ஃபோன். "மேடம், கை ஸ்டியரிங்லயே இருக்கணும்னு ஸ்க்ரீன்ல வருதே. சார் ஓகே குடுத்திருக்காரே."
"உங்க விளம்பரத்துல ஒருத்தன் ரெண்டு கையாலயும் காபி டம்ளரைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கானே?"
"அது விளம்பரம் மேடம்."
நாக்கில் நரம்பே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்
ஆஸ்பத்திரி. செல்வம் அண்ணா மருந்து மயக்கத்தில். காலில் கம்பி வைக்க வேண்டுமாம். அவர் மனைவி மேரி அக்கா என் ஆப்பிள் பையை வாங்கவே இல்லை.
"இன்னாமா, காரு தானா வந்து இட்ச்சிச்சின்றாரு உன் வூட்டுக்காரு? அப்போ நான் யாராண்ட போய் சண்ட போட்றது? காராண்டயா?"

வீட்டில் செ.: "நாளைக்கு ஸ்டேஷன்ல கேப்பாங்க. என் கை ஸ்டியரிங்லதான் இருந்துச்சுன்னு சொல்லிடு. பழி கார் கம்பெனி மேல போயிடும்."
"இல்லையே."
"உனக்கு நான் முக்கியமா, மாவுக்காரன் முக்கியமா?"

ஆபீஸ் முழுக்க 'என் கார், என் கார்' என்று பீற்றல். மோதினால் மட்டும் கம்பெனி கார். கம்பெனியையும் நான் விடப்போவதில்லை. அதற்காக இவரை விட்டுவிடுவதா? கோபமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

ஜூலை 9, புதன்
தூறல். பாப்பாவைச் செந்திலின் அக்காவிடம் விட்டுவிட்டு ஸ்டேஷன். எஸ்.ஐ. முதலில் இவரைக் கேட்டார். இவரும் அழகாகச் சொன்னார், கை ஸ்டியரிங்கில்தான் இருந்ததாம். பிரேக் கூடப் போட்டாராம்!

"நீங்க சொல்லுங்கம்மா. வண்டிய ஓட்டினது சார்தானே?"
"யாரும் ஓட்டல சார்."
செ. மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.
"புரியிற மாதிரி சொல்லுங்கம்மா."
"இவர் கை ஸ்டியரிங்ல இல்ல. பின்னாடி திரும்பியிருந்தார். நிக்கும்னு சொல்லி வித்த காரும் நிக்கல. ரெண்டையும் எழுதுங்க சார்."