முக்குளிக்க ஒரு கண்ணாடி

3-2-1958, திங்கள்

எழுந்ததும் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ஒரு வாரமாக இதுதான் என் முதல் வேலை. வலது கண்ணுக்குக் காலண்டர் இல்லை, சுவரும் இல்லை. வெறும் வெளுப்பு. கிட்டப்பார்வை முற்றி விழித்திரை போகிறது என்று டாக்டர் சொன்னது சரிதான். இடது கண்ணும் இரண்டு வருஷமோ மூன்றோ, அவ்வளவுதான் என்றார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவிட்டு வந்தபோது கண்ணையன் வாசலில் நின்றிருந்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கி வைத்திருந்த இரண்டு முக்குளிக் கண்ணாடிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று பெரியது, ஒரே தட்டைக் கண்ணாடி, மூக்கையும் சேர்த்து மூடும். மற்றது கண்ணுக்கு ஒன்றாக இரண்டு வட்டம்; மூக்கு வெளியே. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு என் மருமவனுக்கு. எது வேணும்னு நீயே பாத்து எடுத்துக்கம்மா" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக மூர்த்திக்குப்பத்துக் கலியபெருமாள் வலையில் மாட்டுகிற சங்கு, சிப்பி, பாசி எல்லாம் கொண்டுவந்து தருகிறான். படம் வரைந்து, மதராஸில் என் பழைய பேராசிரியருக்கு அனுப்புகிறேன். எல்லாம் செத்தவை. ஃபார்மலினில் நிறம் போனவை. உயிரோடு, இருந்த இடத்தில், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. கடலுக்குள் பாறை இருக்கிறது என்கிறான். பங்குனி கழிந்தால் தண்ணீர் கலங்கிவிடுமாம். அடுத்த வருஷம் வரை எனக்குக் கண் இருக்குமா?

5-2-58

பெரியதற்குள் மூக்குக் கண்ணாடி போட முடியாது. காதுக் கம்பி வழியாகத் தண்ணீர் வருகிறது.

9-2-58, ஞாயிறு

புதுச்சேரிக்குப் போனேன். கண்ணாடிக் கடை உலகநாதன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரட்டை வட்டத்தில் என் பவருக்கு வில்லை வெட்டிப் போடுவது சுலபமாம். பெரியதில் ஒட்டத்தான் வேண்டும், அந்தப் பசை தன்னிடம் இல்லை என்றார். இரட்டை வட்டத்தை அவரிடம் விட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது தோன்றியது: பசை என்னிடம் இருக்கிறதே. பள்ளிக்கூட அலமாரியில், மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒட்டும் கனடா பால்சம்.

12-2-58

என் முட்டாள்தனத்தை எழுதி வைக்கிறேன். பழைய மூக்குக் கண்ணாடியின் வில்லைகளைப் பால்சம் வைத்துப் பெரியதன் உள்பக்கம் ஒட்டினேன். ஸ்லைடு செய்வது போலவே. வழிந்த பசையைச் சைலால் என்ற கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தேன் — அதுவும் ஸ்லைடுக்குச் செய்வது போலவே. ஸ்லைடில் ரப்பர் கிடையாது. இதன் விளிம்பு முழுக்க ரப்பர். காபி குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், ஊறிய வடை மாதிரி உப்பிக் கிடக்கிறது. இருபது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தேன். களைப்பு.

15-2-58

காற்றாட வைத்ததில் உப்பல் வடிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் நெளிந்திருக்கிறது. சைக்கிள் கடைச் செல்லப்பன் டியூபில் ஒரு பட்டை வெட்டி ஒட்டிக் கொடுத்தான். பால்சம் இறுகாமல் நழுவிய வில்லைகளைச் சுரண்டி எடுத்துவிட்டேன்.

23-2-58, ஞாயிறு

கரிக்கலாம்பாக்கம். தம்பி சிவப்பிரகாசத்தின் கழனிக் கிணறு. நான் நீந்தக் கற்ற கிணறுதான். உலகநாதன் வில்லை போட்டுக் கொடுத்த இரட்டை வட்டத்தை மாட்டிக்கொண்டு இறங்கினேன். கல் இடுக்கில் வேர்கள், ஒரு தவளை, அடியில் கிடந்த உடைந்த தோண்டி வரை எல்லாம் தெரிந்தது. இத்தனை துல்லியமாகத் தரையில்கூட நான் பார்த்ததில்லை. இன்னும் கீழே போனேன். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். யாரோ வாய் வைத்து உறிஞ்சுவது போல் கண் வெளியே இழுத்தது.

மேலே வந்தபோது இடது கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது. தம்பி சத்தம் போடவில்லை. துண்டைக் கொடுத்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டான். "இருக்கறது ஒரு கண்ணு, அக்கா. அதயும் கெணத்துலயே போட்டுட்டு வந்துடலாம்னு பாக்கறியா?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டேன்.

24-2-58

டாக்டர் விளக்கினார். ஆழம் போகப் போக உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், கண்ணைப் பிடித்து இழுக்கும். மூக்கு உள்ளே இருந்தால் மூச்சை விட்டுச் சரிசெய்யலாம். அப்படியானால் பெரியதைப் போட்டுக்கொள்ளலாமா என்றேன். எதையும் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகாதீர்கள் அம்மா, உங்கள் கண் தாங்காது என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

தெளிவாகக் காட்டுவது கண்ணைப் பிடுங்குகிறது. பிடுங்காதது எதையும் காட்டாது. நல்ல தேர்வு.

2-3-58, ஞாயிறு

தம்பி வீட்டில். எல்லோரும் கழனிக்குப் போயிருந்தார்கள். அண்டாவில் தண்ணீர் நிரப்பி ஒரு சங்கை அடியில் போட்டு, பெரியதை மாட்டிக்கொண்டு — வில்லை எதுவும் இல்லாமல் — முகத்தை உள்ளே விட்டேன். முதலில் மூட்டம். குனியக் குனிய, ஒரு சாணுக்கும் குறைந்த தூரத்தில் சங்கு சட்டென்று தெளிந்தது. கோடுகள், பல்லிடுக்கு மாதிரி வாயோரம், ஒட்டியிருந்த மணல். வெளியே எடுத்துப் பார்ப்பதைவிடப் பெரிதாக.

முதுகுக்குப் பின்னால் தம்பி மனைவி ஜெயாவின் குரல். "அண்ணி, இன்னா இது? மாடுகூடத் தண்ணி குடிச்சா மூஞ்சிய வெளிய எடுக்கும்."

நனைந்த தலையோடு சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அண்டாவைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

ஸ்கேல் வைத்து அளந்தேன். ஆறு அங்குலம். அதற்கு அப்பால் நிறம் மட்டும்தான்.

9-3-58

தம்பி வந்திருந்தான். முக்குளிக்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். நிம்மதியாக இரண்டு வாய் கூடச் சாப்பிட்டான்.

12-3-58, புதன்

கலியபெருமாள் வந்தான். தண்ணீர் இந்த வாரம் போல் தெளிந்து அவன் பார்த்ததில்லையாம். "மேல நின்னு பாத்தாலே பாறை மொத்தமும் தெரியுது டீச்சரம்மா, கரும்புத் தோட்டம் கணக்கா. உச்சி ரெண்டு ஆள் ஆழந்தான். நம்ம கட்டுமரத்துலயே குந்திகினு வரலாம், கயிறு நான் புடிச்சிக்கிறேன்."

ஆறு அங்குலத்துக்கு அப்பால் விரியும் அந்தக் கரும்புத் தோட்டத்தை நான் பார்க்கப் போவதில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

ஆனால் யோசிக்க ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக நான் வரைந்தது எதுவும் ஒரு சாணைவிடப் பெரியதல்ல. பாறைமேல் கை வைத்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் ஒரு சிப்பியாவது வாய் திறந்திருக்கும். ஒரு மூச்சு நேரம் போதும். கண் அதற்குப் பிறகு என்ன ஆகுமோ, டாக்டருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

இரட்டை வட்டத்தைப் பொட்டலம் கட்டியாயிற்று, நாளைக்குக் கண்ணையனிடம் கொடுத்துவிட. பெரியதை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மூர்த்திக்குப்பம்.